குழந்தையின் முதல் உணவு: டர்பன் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சுற்றியுள்ள சட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் பகுதித் தமிழ்க் குடும்பங்களில், குழந்தைக்கு ஆறு மாதம் நெருங்கும்போது எழும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. குழந்தைகள் கிளினிக்கில் எடை பார்க்கும் மேசையருகே செவிலியாக இருந்து கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் சொன்னபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் நிறைமாதத்தில் பிறந்து நலமாக வளரும் குழந்தைகளுக்கானவை. குறைமாதக் குழந்தைகளுக்கும் பிறவியிலேயே நோயுள்ள குழந்தைகளுக்கும் எப்போது தொடங்குவது என்பதை அவர்களுடைய மருத்துவரே சொல்ல வேண்டும்.

எப்போ ஆரம்பிக்கணும்? நாலு மாசமா, ஆறு மாசமா?

ஆறு மாதம் நிறைந்ததும், அதாவது ஏறத்தாழ 180 நாளில் தொடங்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் துறையும் இதையே சொல்கின்றன. தாயின் வயிற்றில் இருந்தபோது குழந்தை தன் உடலில் சேர்த்துக்கொண்ட இரும்புச் சத்து ஆறு மாத அளவில் குறையத் தொடங்குகிறது. தாய்ப்பாலில் உள்ள இரும்பு எளிதில் உடலில் சேரும் என்றாலும், அதன் அளவு மிகச் சிறியது. ஆகவே ஆறாம் மாதத்துக்குப் பிறகு உணவு தாய்ப்பாலுக்குத் துணையாக வருகிறது. பாலை நிறுத்துவதற்காக அது வருவதில்லை. தாய்ப்பாலை இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம்.

நாளை எண்ணுவதோடு குழந்தையையும் பார்க்க வேண்டும். தாங்கலுடன் நிமிர்ந்து உட்கார்கிறதா, தலை ஆடாமல் நிற்கிறதா, வாயில் வைத்த உணவை நாக்கு வெளியே தள்ளாமல் உள்ளே வாங்குகிறதா என்பவையே அடையாளங்கள். இரவில் அடிக்கடி விழிப்பதும் கையைச் சப்புவதும் பசிக்கு மட்டுமே உரிய அடையாளங்கள் அல்ல.

நாலு மாசத்துல வேலைக்குத் திரும்பணும். கஞ்சி பழக்கினாத்தானே ஆயாகிட்ட விட்டுட்டுப் போக முடியும்?

“நாலு மாதம்” என்ற பேச்சு நம் வீடுகளில் நிலைத்துவிட்டதற்குக் குழந்தையின் வயிற்றைவிட அம்மாவின் வேலைதான் காரணம் என்று நினைக்கிறேன். இந்நாட்டுத் தொழிலாளர் சட்டம் நெடுங்காலமாக மகப்பேற்று விடுப்பாகத் தந்துவந்தது தொடர்ச்சியான நான்கு மாதங்களையே. அந்த நான்குக்கும் ஆறுக்கும் இடையிலான இடைவெளியைத்தான் பாட்டிமார் கஞ்சியால் நிரப்பப் பார்க்கிறார்கள்.

அந்த இரண்டு மாதத்தையும் பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலால் நிரப்பலாம். குளிர்சாதனப் பெட்டியின் உட்புறத்தில் நான்கு நாளும், உறைபெட்டியில் ஆறு மாதம் வரையிலும் பால் கெடாமல் இருக்கும். 25 பாகை செல்சியஸ் வெப்பத்துக்கு உட்பட்ட அறையில் நான்கு மணி நேரம் தாங்கும் என்றாலும், டர்பனின் டிசம்பர் புழுக்கத்தில் அந்தக் கணக்கை நம்பாமல் உடனே குளிரூட்டுவது நல்லது. குழந்தைக்கு ஆறு மாதமாகும் வரை, பால் கொடுக்கவோ எடுக்கவோ நாளுக்கு இரு முறை அரை மணி நேர இடைவேளை தர வேண்டும் என்று தொழிலாளர் துறையின் நடைமுறை நெறி கூறுகிறது. கேட்கத் தயங்க வேண்டாம். புட்டிப்பாலில் வளரும் குழந்தைக்கும் திட உணவு தொடங்கும் வயது இதுவே.

ஆறு மாசம் வரைக்கும் தண்ணிகூடக் கொடுக்கக் கூடாதா? இந்த வெயில்லயா?

வேண்டியதில்லை. தாய்ப்பாலில் பெரும்பகுதி நீர்தான். வெயில் நாளில் கூடுதல் முறை பால் கொடுத்தால் போதும். திட உணவு தொடங்கிய பின், கொதிக்க வைத்து ஆறிய நீரைக் கோப்பையில் சில மிடறு கொடுக்கலாம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டொங்காட் பகுதி மக்கள் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் லாரித் தண்ணீரை நம்பியிருந்ததை மறக்காதவர்களுக்கு, கொதிக்க வைப்பதன் தேவையை விளக்க வேண்டியதில்லை.

முதல்ல எதைக் கொடுக்கணும்?

இதுதான் முதல், இது இரண்டாவது என்ற கட்டாய வரிசை எதுவும் இல்லை. நம் வீடுகளில் வழக்கமாக மீலி எனப்படும் மக்காச்சோள மாவுக் கஞ்சியோ, மாபெலே எனப்படும் சோள மாவுக் கஞ்சியோ, குழைந்த சோறும் பருப்புமோ முதலில் வருகின்றன. எதுவானாலும் தவறில்லை. மசித்த பட்டர்நட் பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வெண்ணெய்ப்பழம், பப்பாளி, வாழைப்பழம் ஆகியவையும் முதல் வாரத்திலேயே வரலாம். ஆனால் முதல் மாதம் முழுவதும் கஞ்சியும் பழமுமாகவே கழித்துவிடக் கூடாது. இரும்புச் சத்துள்ள உணவு முதல் வாரங்களிலேயே தட்டுக்கு வர வேண்டும் என்பதே இந்தப் பக்கம் முழுவதிலும் நான் வற்புறுத்தும் செய்தி.

குழந்தைக்கென்று தனியாகச் சமைக்க வேண்டியதும் இல்லை. குடும்பத்துக்கு வைக்கும் பருப்பு நன்றாகக் குழைந்து, உப்பும் மிளகாயும் சேர்வதற்கு முன், தாளிப்பு இறங்குவதற்கு முன், இரண்டு கரண்டியைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். அதில் ஒரு பிடி சோற்றையும் வெந்த பட்டர்நட் துண்டு ஒன்றையும் போட்டு முள்கரண்டியால் மசித்து, ஒரு சிறு கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டால் உணவு தயார். கரண்டியைச் சாய்த்தால் மசியல் ஓடி விழாமல் மெல்ல நழுவ வேண்டும். அதுவே சரியான பதம். தண்ணீராக ஓடும் கஞ்சி வயிற்றை நிரப்புமே தவிர, வளர்ச்சிக்குத் தேவையான சத்தைத் தராது.

ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எவ்வளவு?

முதல் நாள்களில் இரண்டு மூன்று கரண்டி போதும். எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, வேளைக்கு 250 மில்லி கோப்பையில் பாதி வரை மெல்ல உயர்த்தலாம். ஒன்பதாம் மாதம் முதல் மூன்று நான்கு வேளையும் இடையில் ஏதேனும் சிறு உணவும் கொடுக்கலாம். ஒரு வயதுக்குப் பின் வேளைக்கு முக்கால் கோப்பையிலிருந்து முழுக் கோப்பை வரை. இவை பொதுவான அளவுகள்; வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பும் குழந்தைக்கு அந்த வேளை முடிந்துவிட்டது.

கஞ்சி நல்லாத்தான் சாப்பிடுறான், எடையும் ஏறுது. அப்புறம் எதுக்கு கறி, மீன்?

எடை ஏறுவதை மட்டும் பார்த்தால் இரும்புக் குறைவு கண்ணுக்குத் தெரியாது. கன்னம் உப்பிய குழந்தைக்கும் இரத்தச் சோகை இருக்கலாம். ஏழு முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைக்கு நாளுக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் இரும்பு தேவை என்று அமெரிக்க உணவுப் பரிந்துரைகள் கணக்கிடுகின்றன. அது வளர்ந்த ஆணின் தேவையைவிட அதிகம். அதே நேரத்தில் குழந்தையின் வயிறு சிறியது. ஆகவே சிறிய அளவிலேயே சத்து அடர்ந்திருக்கும் உணவு வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் விற்கும் மீலி மாவிலும் ரொட்டிக்கான கோதுமை மாவிலும் இரும்பு, துத்தநாகம், வைட்டமின் ஏ, ஃபோலிக் அமிலம் முதலியவற்றைச் சேர்ப்பது 2003 அக்டோபரிலிருந்து கட்டாயம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வளர்ந்தவர்கள் உண்ணும் அளவை மனத்தில் கொண்டு செய்த ஏற்பாடு அது. ஆறு கரண்டி கஞ்சி சாப்பிடும் குழந்தைக்கு அதிலிருந்து கிடைப்பது சொற்பம்.

விலை அதிகமில்லாதவற்றையே சொல்கிறேன். நன்றாக வெந்த கோழி ஈரலை மசித்துக் கொடுத்தால் இரண்டு கரண்டியே பெரிய சத்து. அதில் வைட்டமின் ஏ மிகுதியாக இருப்பதால் வாரத்துக்கு ஒரு முறை போதும். டின் மீனைச் சாறு வடித்து, மிருதுவான முள்ளையும் சேர்த்து விரலால் நசுக்கி, கடினமாக எதுவும் தட்டுப்படவில்லை என்று பார்த்த பின் சோற்றில் பிசையலாம். முழுதாக வெந்த முட்டை, கொத்திய ஆட்டிறைச்சி, கோழித் தொடைக்கறி ஆகிய எல்லாவற்றையும் ஆறு மாதத்திலிருந்தே கொடுக்கலாம். கறி வேகும் நீரை மட்டும் வடித்து “சூப்” என்று ஊட்டுவது நம்மிடையே பரவலான பழக்கம்; அந்தச் சாற்றில் மணம் இருக்கிறது, இரும்பு சட்டியிலுள்ள கறியில் இருக்கிறது. கறியையே மசித்துக் கொடுங்கள்.

புரட்டாசியில எங்க வீட்ல முட்டைகூடச் சேர்க்க மாட்டோம். குழந்தைக்கு என்ன செய்யுறது?

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை வரும் அந்த ஒரு மாதம், திட்டமிட்டால் குழந்தைக்குக் குறை வைக்காது. பருப்பு, சுகர் பீன்ஸ், கொண்டைக்கடலை ஆகியவற்றை முந்தைய இரவே ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு வேக வைத்தால் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும் பொருள் ஓரளவு குறையும். அதே வேளை உணவில் வைட்டமின் சி சேர வேண்டும். மசித்த தக்காளியோ, பருப்பில் பிழிந்த எலுமிச்சையோ, உண்டபின் ஒரு துண்டு பப்பாளியோ கொய்யாவோ இருந்தால், பயறிலுள்ள இரும்பைக் குடல் கூடுதலாக வாங்கிக்கொள்கிறது. தயிரும், மாஸ் எனப்படும் புளித்த பாலும் புரதத்துக்கும் பி12 வைட்டமினுக்கும் உதவும்.

ஆண்டு முழுவதும் சைவமாக இருக்கும் வீடுகளில், பால் பொருள்களையும் தவிர்க்கும் தாயின் பாலில் பி12 குறையக்கூடும். அத்தகைய தாய்மார் தங்களுக்கும் குழந்தைக்கும் பி12, இரும்பு மருந்து தேவையா என்று கிளினிக்கில் கட்டாயம் கேட்க வேண்டும்.

புதுசா ஒண்ணு கொடுத்தா மூணு நாள் காத்திருக்கணும்னு சொல்றாங்களே?

எல்லா உணவுக்கும் அப்படிக் காத்திருந்தால் பத்து உணவு பழக ஒரு மாதமாகிவிடும். பூசணி, கேரட், அரிசி, வாழைப்பழம் போன்றவற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வாமை எழுப்பக்கூடிய முட்டை, வேர்க்கடலை, மீன், இறால், கோதுமை, பால், சோயா, எள் ஆகியவற்றை மட்டும் ஒரு நேரத்தில் ஒன்றாக, கால் கரண்டி அளவில், குழந்தை நலமாக இருக்கும் நாளின் காலை வேளையில் தொடங்குங்கள். காலையில் கொடுத்தால் பகல் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கடலையும் முட்டையும் அலர்ஜி ஆகும்னு ஒரு வயசு வரைக்கும் தள்ளிப்போடலாமா?

முன்பு அப்படித்தான் அறிவுரை சொல்லப்பட்டது. 2015இல் வெளியான லீப் ஆய்வு அதைத் தலைகீழாக மாற்றியது. கடும் தோல் அரிப்புப் படையோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு முதல் வயதிலேயே கடலை உணவு கொடுத்தும் மற்றதற்கு ஐந்து வயதுவரை தவிர்த்தும் பார்த்தார்கள். கடலை உண்டவர்களிடம் கடலை ஒவ்வாமை மிகக் குறைவாகவே வந்தது. தள்ளிப்போடுவதால் பாதுகாப்பு இல்லை.

முழுக் கடலையை ஐந்து வயதுவரை கொடுக்கக் கூடாது. அது மூச்சுக்குழாயை அடைக்கும். உப்பும் சர்க்கரையும் சேராத பீனட் பட்டரை வெந்நீரிலோ கஞ்சியிலோ கரைத்துக் கொடுங்கள். குழந்தைக்குக் கடுமையான தோல் படை இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். உண்ட சில நிமிடங்களில் தடிப்பு, உதடு வீக்கம், தொடர் வாந்தி தோன்றினால் அந்த உணவை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறலோ துவண்டு போவதோ இருந்தால் 10177, கைப்பேசியிலிருந்து 112 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.

உப்பில்லாம எப்படி இறங்கும்? எங்க பிள்ளைங்க எல்லாம் காரக் குழம்பு தொட்டு வளர்ந்தவங்கதானே?

உப்பின் சுவை வளர்ந்தவர் நாக்குக்குத்தான் குறைகிறது. குழந்தைக்கு இன்னும் அந்தப் பழக்கம் இல்லை. ஒரு வயதுவரை உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத உப்புதான் மோசம்: சூப் பொடி, ஸ்டாக் கட்டி, டின் மீன் சாறு, ஊறுகாய் எண்ணெய். இந்நாட்டில் 1995 முதல் சமையல் உப்பில் அயோடின் சேர்ப்பது கட்டாயம் என்பதால் “அயோடினுக்காகக் குழந்தைக்கு ஒரு சிட்டிகை” என்று சிலர் சொல்வதுண்டு. தாய் அந்த உப்பை உண்டாலே தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குச் சேரும்.

மசாலா முழுவதையும் விலக்க வேண்டியதில்லை. மஞ்சள், சீரகம், தனியா, பெருங்காயம், கறிவேப்பிலை, இஞ்சி ஆகியவை சிறிய அளவில் வரலாம். வீட்டுச் சுவை அப்படித்தான் பழகும். மிளகாய் மட்டும் காத்திருக்கட்டும். விக்டோரியா தெருச் சந்தையில் மாமியார் பெயரில் விற்கும் மசாலாவுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதுகூடச் சின்ன வயதுதான்.

தேன் தொட்டு வைக்கலாமா? சாஸ்திரத்துக்கு ஒரு துளிதானே?

ஒரு வயதுவரை ஒரு துளியும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைத் துவளச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். தேனைச் சூடாக்கினாலும் அந்த வித்துகள் சாவதில்லை.

ரூயிபோஸ் டீ உடம்புக்கு நல்லதுன்னு புட்டியில ஊத்திக் கொடுக்கலாமா?

செடர்பெர்க் மலைப்பகுதியில் விளையும் ரூயிபோஸில் காஃபின் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதில் கலோரியும் இல்லை, புரதமும் இல்லை. ஒரு புட்டி நிறையக் குடித்த குழந்தை அடுத்த வேளைப் பாலையும் உணவையும் குறைத்துக்கொள்ளும். சர்க்கரை சேர்த்துப் புட்டியில் கொடுத்தால் முளைக்கும் பல்லும் கெடும். கறுப்புத் தேநீர் இன்னும் தீங்கு. இரும்பு உடலில் சேர்வதை அது தடுக்கும். பழச்சாறும் வேண்டாம், பழமே போதும். பசும்பாலைக் கஞ்சியில் சிறிது சேர்க்கலாம். குடிக்கும் பாலாக ஒரு வயதுக்குப் பிறகே கொடுக்க வேண்டும்.

வாயில வச்சதும் துப்பிடுறா, முகத்தைச் சுளிக்கிறா. பிடிக்கலைன்னு விட்டுடலாமா?

சுளிப்பு வியப்பின் அடையாளம்; அதை வெறுப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு புதிய சுவையை ஏற்கச் சில குழந்தைகளுக்கு எட்டு, பத்து முறையோ அதற்கு மேலோ ஆகும். பெரும்பாலான வீடுகளில் மூன்றாம் முறையோடு “இவளுக்குக் கீரை ஆகாது” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பசியும் தூக்கமும் இல்லாத நேரத்தில், பழகிய மடும்பி (சேப்பங்கிழங்கு) மசியலின் ஓரத்தில் கீரையை நகக்கண் அளவு வைத்து, அதே கரண்டியில் இரண்டும் படும்படி ஊட்டிப் பாருங்கள். தள்ளினால் அன்றைக்கு அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து மீண்டும் கொடுக்கலாம். மடும்பியை முழுதாக வேக வைப்பது முக்கியம், அரைவேக்காடு தொண்டையை அரிக்கும்.

தொலைபேசியில் படம் காட்டி, வாய் திறந்த நேரம் பார்த்துத் திணிப்பது அந்த வேளையை முடிக்க உதவலாம். ஆனால் வயிறு நிறைந்ததைக் குழந்தை தானே உணரும் பழக்கம் அதனால் கெடுகிறது.

கட்டியாக் கொடுத்தா தொண்டையில சிக்கிக்கும்னு பயம். மிக்ஸியில அடிச்சே கொடுத்தா என்ன?

தொடக்கத்தில் சில வாரம் அடிக்கலாம். எட்டு மாதத்துக்குள் முள்கரண்டியால் மசித்ததும், ஒன்பது பத்து மாதத்துக்குள் கையால் எடுத்துண்ணும் மிருதுவான துண்டுகளும் வர வேண்டும். அந்தக் காலம் தவறினால் பின்னர் மெல்லும் உணவையே மறுக்கும் குழந்தைகள் உண்டு. இரு விரலுக்கிடையில் வைத்து அழுத்தினால் நசுங்கும் துண்டைப் பல் முளைக்காத ஈறும் நசுக்கும்: வெந்த கேரட், இட்லி, பருப்பில் ஊறிய ரொட்டி, வெண்ணெய்ப்பழத் துண்டு.

குமட்டலும் அடைப்பும் வேறு. குமட்டும் குழந்தை சிவந்து, இருமி, சத்தம் எழுப்பி, உணவைத் தானே முன்னுக்குக் கொண்டுவரும். பொறுத்துப் பாருங்கள், விரலை உள்ளே விடாதீர்கள். அடைபட்ட குழந்தையிடம் சத்தம் இருக்காது, உதடு நீலமாகும். அப்போது முன்கையில் குப்புறக் கிடத்தித் தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து முறை தட்ட வேண்டும். வெளிவராவிட்டால் மல்லாத்தி, நெஞ்செலும்பின் நடுவில் இரு விரலால் ஐந்து முறை அழுத்தி, இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே 10177 அல்லது 112 என்ற எண்ணை ஒருவர் அழைக்க வேண்டும். முழுத் திராட்சை, பச்சைக் கேரட், பாப்கார்ன், வட்டமாக நறுக்கிய வியன்னா சாசேஜ் ஆகியவற்றை அறவே தவிருங்கள்.

ஜாடி சாப்பாடும் போலோனியும் அவசரத்துக்குப் பரவாயில்லையா?

பயண நாளில் ஜாடி உணவு கொடுப்பது குற்றமில்லை. நாள்தோறும் அதுவே என்றால் விலையும் அதிகம், பலவற்றில் இனிப்பும் அதிகம்; எல்லாச் சுவையும் ஒரே வழவழப்பில் வருவதால் மெல்லவும் பழகாது. குழந்தை உணவுகளையும் பால் மாவையும் விளம்பரப்படுத்துவதை அரசு 2012 டிசம்பரில் வெளியிட்ட விதிகள் கட்டுப்படுத்தியது காரணமில்லாமல் இல்லை. போலோனி எனும் பதப்படுத்திய இறைச்சியைப் பொறுத்தவரை என் விடை ஒரே சொல்: வேண்டாம். அதில் உப்பு மிகுதி. அதோடு 2017–18இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பாதித்து இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற லிஸ்டீரியா நோயின் மூலம் போலோனி என்று 2018 மார்ச்சில் கண்டறியப்பட்டது. அதில் பெரிதும் பாதிக்கப்பட்டவர்கள் பிறந்த சிசுக்கள்.

மின்வெட்டு வந்தா ஃபிரிட்ஜில வச்சதைக் கொடுக்கலாமா?

கதவைத் திறக்காத குளிர்சாதனப் பெட்டி நான்கு மணி நேரம் குளிரைக் காக்கும். வெட்டு அதற்கு மேல் நீண்டாலோ, நடுவே பலமுறை திறந்திருந்தாலோ, குழந்தையின் கறி, மீன், முட்டை, சோறு ஆகியவற்றைக் கொட்டிவிடுங்கள். சமைத்த சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றி உள்ளே வைத்து மறுநாளுக்குள் முடித்துவிட வேண்டும். குழந்தை வாய் வைத்த கரண்டி பட்ட மீதியை எடுத்து வைக்கக் கூடாது.

ஆடிக் கூழும் கோயில் சோறூட்டலும் வருது. எல்லாரும் ஆளுக்கு ஒரு வாய் ஊட்டினா?

ஆறு மாதம் நிறைந்திருந்தால் சர்க்கரைப் பொங்கலோ மாரியம்மன் கூழோ நுனி விரல் அளவு தொட்டு வைப்பதால் கேடில்லை. தேன் கலந்த பஞ்சாமிர்தம் மட்டும் விலக்கு. ஊட்டுபவர் கை கழுவியிருக்க வேண்டும், ஒருவர் வாயில் பட்ட கரண்டி குழந்தை வாய்க்குப் போகக் கூடாது. இருபது உறவினர் வரிசையில் நின்றால் நான்கு பெரியவர்கள் ஊட்டட்டும், மற்றவர்கள் ஆசி கூறட்டும். சோறூட்டல் நாள் ஆறாம் மாதத்துக்கு முன்பே குறிக்கப்பட்டிருந்தால் குருக்களிடம் சொல்லித் தள்ளிவைக்கலாம்.

வயித்துப்போக்கு வந்தா சாப்பாட்டை நிறுத்திடணுமா?

நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலைக் கூடுதலாகவும் உணவைச் சிறுசிறு அளவில் அடிக்கடியும் கொடுங்கள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் மட்டமாக எட்டுத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, ஒவ்வொரு போக்குக்குப் பின்னும் கோப்பையில் மெல்லப் புகட்டுங்கள். மலத்தில் இரத்தம், குழிந்த கண், எதைக் குடித்தாலும் வாந்தி, எழுப்ப முடியாத சோர்வு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

எல்லாம் சொன்னபடி செய்யுறோம், ஆனா புத்தகத்துல எடைக்கோடு படுத்துடுச்சு. என்ன தப்பு?

கிளினிக் கையேட்டின் எடை வரைபடத்தில் ஒரு மாதம் கோடு சமமாக இருந்தால் அண்மையில் வந்த சளியோ, பல் முளைப்பதோ, தவழத் தொடங்கியதோ காரணமாக இருக்கலாம். இரண்டு மாதம் அப்படியே நின்றாலோ கீழே இறங்கினாலோ காத்திருக்கக் கூடாது. பெரும்பாலும் வெளிப்படுபவை மேலே சொன்னவைதாம்: தண்ணீராக ஓடும் கஞ்சி, வயிற்றை அடைக்கும் தேநீர்ப் புட்டி, கறியில்லாத “சூப்”, பகலில் யார் எவ்வளவு ஊட்டினார்கள் என்று வீட்டில் ஒருவருக்கும் முழுக்கணக்குத் தெரியாமை. கிளினிக் கையேட்டில் ஆறாம் மாத வைட்டமின் ஏ சொட்டும் தட்டம்மை ஊசியும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள்; வைட்டமின் ஏ சொட்டு ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை உண்டு, ஒரு வயதிலிருந்து பூச்சி மருந்தும் உண்டு.

எல்லாம் சரியாக இருந்தும் கோடு எழவில்லை என்றால், சிறுநீர்த் தொற்று, காசநோய், இதயக் கோளாறு போன்றவற்றை மருத்துவர் சோதிக்க வேண்டியிருக்கும். இரு கால்களும் வீங்கியிருந்தால் அன்றே செல்ல வேண்டும். வரும்போது கையேட்டோடு, வீட்டில் ஊட்டும் கிண்ணத்தையும் கரண்டியையும், பகலில் பார்த்துக்கொள்ளும் பாட்டியையும் அழைத்து வந்தால், எவ்வளவு ஊட்டப்படுகிறது என்பதை நேரில் அளந்து பார்த்துச் சொல்ல முடியும்.